ஸீபிரஷில் தானியங்கிச் சேமிப்பு: கோவை நகைப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோவை ராஜ வீதியை ஒட்டிய சந்துகளில் உருவாகும் கோயில் நகைகள் பலவும் இப்போது முதலில் கணினித் திரையில்தான் உருவம் பெறுகின்றன. நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் துதிக்கை தூக்கிய யானைகள், பின்னால் பிரபாவளி, கீழே வரிசையாகத் தொங்கும் மாங்காய். இதை டிசைனர் ஸீபிரஷ் என்னும் முப்பரிமாணச் சிற்ப மென்பொருளில் செதுக்குகிறார். அந்தக் கோப்பு மெழுகுப் பிரின்டருக்குப் போகிறது. வெளியே வரும் மெழுகு உருவைப் பிளாஸ்டருக்குள் புதைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிவில் தங்கத்தை ஊற்றுகிறார்கள். அப்புறம் ஆசாரியின் கை படுகிறது. முழுப் பதக்கமும் 50 மி.மீ. உயரம் கூட வராது. ஆனால் அதற்குள் லட்சுமியின் கிரீடத்தில் ஒவ்வொரு வரியும், யானையின் நெற்றிப்பட்டத்தில் ஒவ்வொரு முத்தும் இருந்தாக வேண்டும்.

இதுபோன்ற பட்டறைகளின் கணினிகளையும் மென்பொருள்களையும் பார்த்துக்கொள்வது என் தொழில். இங்கே எழுதுவது அப்படி ஒரு பட்டறையில் நடந்தது. பட்டறையின் பெயரும் டிசைனரின் பெயரும் வேண்டாம். நடந்ததை விரிவாகச் சொல்லக் காரணம், திரையில் சிற்பம் செய்கிற எல்லோருக்கும் ஒரு நாள் இந்த நிலைமை வரும் என்பதுதான்.

டிசைனர் போன் செய்து சொன்ன புகார் சின்னது. “அண்ணா, கொஞ்ச நேரம் கையை எடுத்தா போதும், அப்படியே நின்னுக்குதுங்ணா. மறுபடி ஓட ஒரு நிமிசம் ஆகுது. மேக்சிமம் டியூரேஷனைக் கூட்டியும் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்குது.”

நின்றது மென்பொருள் கோளாறினால் அல்ல. ஸீபிரஷ் கோப்பைத் தானாகச் சேமிக்கும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது, சேமித்து முடிக்கும் வரை திரை நிற்கும். பிரிஃபரன்சஸ் பட்டியலில் இந்தத் தானியங்கிச் சேமிப்புக்காகக் குவிக்சேவ் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் கவனிக்க வேண்டிய ஸ்லைடர்கள் மூன்று. மேக்சிமம் டியூரேஷன்: நீங்கள் ஓயாமல் செதுக்கிக்கொண்டே இருந்தாலும், இத்தனை நிமிடத்துக்கு மேல் சேமிக்காமல் விடாது. ரெஸ்ட் டியூரேஷன்: நீங்கள் கையை எடுத்து இத்தனை நிமிடம் ஆனால், அந்த ஓய்வைப் பயன்படுத்திச் சேமித்துவிடும். மூன்றாவது, எத்தனை குவிக்சேவ் கோப்புகளை வைத்திருக்கலாம் என்கிற எண்ணிக்கை.

முதல் ஸ்லைடரைத்தான் எல்லோரும் தொடுகிறார்கள், பெயர் அப்படி. ஆனால் நகை டிசைனரின் வேலை ஓயாமல் ஓடும் வேலை அல்ல. பத்து ஸ்ட்ரோக் போடுவார், நிறுத்துவார், பக்கத்துத் திரையில் இருக்கும் பழைய நகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார், யோசிப்பார், திரும்பவும் செதுக்குவார். அந்த யோசனை நேரமெல்லாம் மென்பொருளுக்கு ஓய்வு நேரம். ஆகவே இவர் கணினியில் பெரும்பாலான சேமிப்பைத் தூண்டியது ரெஸ்ட் டியூரேஷன்தான். மேக்சிமத்தை எவ்வளவு கூட்டினாலும் இது குறையாது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அவர் கூட்டி வைத்த மேக்சிமம்கூட மறுநாள் காலையில் பழைய எண்ணுக்கே திரும்பியிருந்தது. ஸீபிரஷில் பிரிஃபரன்சஸை மாற்றினால் அது அன்றைய அமர்வுக்கு மட்டும்தான். நிலையாக நிற்க வேண்டுமென்றால் பிரிஃபரன்சஸின் கான்ஃபிக் பிரிவில் ஸ்டோர் கான்ஃபிக் பொத்தானை அழுத்த வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலை நடக்கும். வேறு மென்பொருள்களில் ஸ்லைடரை நகர்த்தினால் அதுவே நின்றுவிடும் என்பதால், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். செட்டிங் மாற்றினேன், பலனே இல்லை என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நான் பட்டறைக்குப் போவதற்கு முன்பே விஷயம் கை மீறிவிட்டது. பொறுமை இழந்த டிசைனர் ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில் இரண்டு டியூரேஷன் ஸ்லைடர்களையும் கடைசி வரை இழுத்துவிட்டார். நிறுத்தல்கள் நின்றன. சந்தோஷமாக வேலை ஓடியது. லட்சுமியின் கிரீடம் முடிந்தது, பிரபாவளியின் சுடர்கள் முடிந்தன, அதன் ஓரத்து முத்து வரிசையும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு தடவை பீப் என்றது, அணைந்தது. பேட்டரி செத்து எத்தனை நாளானதோ, யாரும் பார்க்கவில்லை.

குவிக்சேவ் ஃபோல்டரில் இருந்த ஆகப் புதிய கோப்பு காலை பதினொரு மணியினுடையது. அவரே சேமித்து வைத்த புராஜெக்ட் கோப்பு முந்தின நாள் மாலையினுடையது. இடையில் நடந்த வேலை எங்கேயும் இல்லை. வட்டில் எழுதப்படாதது மெமரியில் மட்டும்தான் இருந்தது, மின்சாரத்தோடு அதுவும் போனது. மீட்பு மென்பொருள் எதையாவது ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அழிந்துபோன கோப்பைத்தான் அப்படித் தேட முடியும். எழுதப்படாத கோப்பைத் தேட வழியே இல்லை. அன்று முழுக்க அவர் நிறைவோடு செய்த வேலை அது. எண்ணத்தில் இருந்ததைத் திரும்பச் செய்யலாம், ஆனால் கை போன போக்கில் வந்த ஒரு வளைவு திரும்ப வராது. கல்லில் செய்பவருக்கும் திரையில் செய்பவருக்கும் அந்த இழப்பு ஒன்றுதான்.

சரி, இனி ஆய்வுக்கு வருவோம். சேமிப்பை நிறுத்தியது தவறா என்பதை விட எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி வேறு: ஒரு சேமிப்புக்கு ஏன் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகிறது? இரண்டு நொடியில் முடிந்திருந்தால் அவர் அந்த ஸ்லைடரைத் தொட்டே இருக்க மாட்டார். தானியங்கிச் சேமிப்பை அணைக்கிறவர்கள் அலட்சியத்தால் அணைப்பதில்லை. அது அவர்கள் வேலையை வெட்டுகிறது, அதனால் அணைக்கிறார்கள். ஆகவே கோப்பின் எடையைக் குறைக்காமல் நிமிடக் கணக்கை மட்டும் மாற்றினால், இன்னும் பத்து நாளில் அதே ஸ்லைடரை மறுபடி இழுப்பார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். புராஜெக்ட் மூன்று ஜிபியை நெருங்கியிருந்தது. ஐம்பது மி.மீ. பதக்கத்துக்கு இது மிக அதிகம்.

முதல் காரணம் அன்டூ ஹிஸ்டரி. ஸீபிரஷ் புராஜெக்ட் கோப்பில் உருவத்தோடு சேர்த்து, அந்த உருவத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்த படிகளையும் எழுதி வைக்கும். மறுநாள் திறந்தாலும் நேற்றைய ஸ்ட்ரோக்கைப் பின்னோக்கி நகர்த்தலாம். அருமையான வசதி, ஆனால் ஒவ்வொரு சப்டூலுக்கும், அதாவது உருவத்தின் ஒவ்வொரு தனிப் பாகத்துக்கும், தனித்தனி வரலாறு சேர்ந்து சேர்ந்து கோப்பு ஊதிவிடும். எடிட் பட்டியலில் டெல் யூஹெச் என்ற பொத்தான் இந்த வரலாற்றை அழிக்கிறது. அழித்தால் திரும்பாது என்பதால், வரலாறு உள்ள கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் வைத்துவிட்டுத்தான் அழித்தோம். அதிலேயே எடை பாதிக்கு மேல் குறைந்தது.

இரண்டாவது, பாலிகன் கணக்கு, அதாவது உருவத்தின் மேற்பரப்பை ஆக்கும் சின்னச் சின்ன முகங்களின் எண்ணிக்கை. டிவைட் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பாலிகன் நான்கு மடங்காகும். மூன்று லட்சம் பன்னிரண்டு லட்சமாகும், அதை இன்னொரு தடவை அழுத்தினால் நாற்பத்தெட்டு லட்சம். லட்சுமியின் முகத்துக்கு அந்த அடர்த்தி நியாயம். ஆனால் இந்தக் கோப்பில் கீழே தொங்கும் மாங்காய் ஒவ்வொன்றும் முகத்துக்கு இணையான அடர்த்தியில் இருந்தது. ஒன்றைச் செதுக்கி, அப்படியே நகல் எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். திரையின் மேலே டோட்டல் பாயின்ட்ஸ் என்று ஓடும் எண்ணை அவர் பார்ப்பதே இல்லை. முடிந்துபோன மாங்காயை டெசிமேஷன் மாஸ்டரில் போட்டுக் குறைத்தோம். வளைவான இடத்தில் பாலிகனை நிறுத்தி, தட்டையான இடத்தில் குறைக்கிற கருவி அது. மெழுகில் வந்த பிறகு கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு வைத்துக்கொண்டோம். டெசிமேட் செய்தால் டிவைட் அழுத்தி அடுக்கிய சப்டிவிஷன் படிகள் போய்விடும், பிறகு திருத்த முடியாது. அதனால் அடர்த்தியான மூல மாங்காயைத் தனி டூல் கோப்பாகச் சேமித்து வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணம் வட்டு. குவிக்சேவ் கோப்புகள் விண்டோஸில் சி டிரைவின் பப்ளிக் டாக்குமென்ட்ஸுக்குள், ஸீபிரஷ் டேட்டா என்கிற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பதிப்பைப் பொறுத்து அந்தப் பெயரோடு ஆண்டு எண்ணும் சேர்ந்திருக்கும். இந்தக் கணினியில் சி டிரைவ் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க், அதுவும் கழுத்து வரை நிறைந்தது. மூன்று ஜிபி வீதம் பத்து கோப்பு என்றால் முப்பது ஜிபி. அது அங்கே இருக்கிறது என்றே பட்டறையில் யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு எஸ்எஸ்டி போட்டு, குவிக்சேவ் ஃபோல்டரை அதற்கு மாற்றி, பழைய இடத்தில் விண்டோஸின் எம்கேலிங்க் கட்டளையால் ஒரு ஜங்ஷன் வைத்தோம். மென்பொருள் பழைய பாதையிலேயே எழுதுவதாக நினைத்துக்கொள்ளும், கோப்பு புது வட்டில் இறங்கும்.

இந்த இடத்தில் நகைத் தொழிலுக்கே உரிய ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். பப்ளிக் ஃபோல்டர் என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள எல்லோருக்கும் திறந்தது. டிசைனர் தன் புராஜெக்டைப் பாஸ்வேர்டு போட்ட ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருப்பார். அதன் கடைசிப் பத்து நகல்கள் பொது இடத்தில் கிடக்கும். வாடிக்கையாளர் டிசைன் வெளியே போனால் பட்டறையின் பெயரே போய்விடும் ஒரு தொழிலில் இது சின்ன விஷயமல்ல. புது வட்டில் அந்த ஃபோல்டருக்கு டிசைனரின் கணக்குக்கு மட்டும் அனுமதி வைத்தோம்.

இவ்வளவும் செய்த பிறகு கோப்பு நானூறு எம்பி அளவுக்கு வந்தது, சேமிப்பு சில நொடிகளில் முடிந்தது. இப்போதுதான் ஸ்லைடர்களுக்கு வந்தோம்.

ரெஸ்ட் டியூரேஷனை முடிவு செய்ய, அவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தேன். படத்தைப் பார்த்து யோசிக்கும் இடைவெளி ஒன்றிரண்டு நிமிடம். டீ வந்தால், முதலாளி கூப்பிட்டால், போன் வந்தால் அது ஐந்து நிமிடத்தைத் தாண்டும். ஆக நான்கு நிமிடம் என்று வைத்தோம். யோசனையை அது தொந்தரவு செய்யாது, டீ நேரத்தில் சேமித்துவிடும். இந்த நான்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. திரைப்படத்துக்கு ஒரு ராட்சச உருவத்தைச் செதுக்குபவரின் கை வேறு மாதிரி ஓடும், அவர் தன் இடைவெளியைத் தானே பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மேக்சிமம் டியூரேஷனுக்குக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “எவ்வளவு நேர வேலை போனா நீங்க மறுபடி உட்கார்ந்து செய்வீங்க?” அவர் கொஞ்ச நேரம் யோசித்து, “ஒரு முத்து வரிசை போனா பரவால்லீங்ணா” என்றார். முத்து வரிசைக்கு அவருக்கு ஆகும் நேரம் பன்னிரண்டு நிமிடம் வாக்கில். அதையே வைத்தோம். இந்த ஸ்லைடரை எவ்வளவில் வைப்பது என்று கேட்கும் யாரிடமும் நான் எண்ணைச் சொல்வதில்லை, இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். நிமிடத்தை விட வேலையின் அளவில் கேட்டால் பதில் சரியாக வருகிறது.

எண்ணிக்கை ஸ்லைடரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பத்து கோப்பு என்பது பத்து இருக்கை உள்ள வரிசை. பதினொன்றாவது ஆள் வந்தால் முதலில் உட்கார்ந்தவர் எழுந்துவிட வேண்டும். பழைய செட்டிங்கில் அந்த ஃபோல்டரில் இருந்த கோப்புகளின் நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தோம். முதலாவதுக்கும் பத்தாவதுக்கும் இடையே ஒரு மணி நேரம் கூட இல்லை. அதாவது காலை ஒன்பது மணிக்கு யானையின் துதிக்கையைத் தப்பாக வளைத்துவிட்டு, பதினொரு மணிக்கு அதைக் கவனித்தால், நல்ல துதிக்கை உள்ள கோப்பு குவிக்சேவில் இருக்காது. அடிக்கடி சேமிக்கச் சேமிக்க வரிசை இன்னும் வேகமாகச் சுழலும், பின்னால் போகக்கூடிய தூரம் குறையும். மின்வெட்டிலிருந்து காப்பது வேறு, மனம் மாறினால் திரும்பிப்போக இடம் வைப்பது வேறு. குவிக்சேவ் முதல் வேலைக்கானது. இரண்டாவதற்கு நாமே கை வைத்துச் சேமிக்க வேண்டும்.

எண்ணிக்கையை இருபதாக்கினோம். நானூறு எம்பி வீதம் எட்டு ஜிபி, புது வட்டுக்கு அது பாரமில்லை. ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது என்று, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கோப்பின் பெயரில் எண்ணைக் கூட்டி வேறு பெயரில் சேமிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். முகம் முடிந்தது ஒன்று, கிரீடம் முடிந்தது ஒன்று, பிரபாவளி முடிந்தது ஒன்று. டிவைட் அழுத்துவதற்கு முன், பாலிகன் வலையைப் புதிதாகப் பின்னும் டைனமெஷை மாற்றுவதற்கு முன், டெல் யூஹெச் அழுத்துவதற்கு முன், கீபோர்டில் 9. அது அந்தக் கணமே ஒரு குவிக்சேவை எழுதிவிடும். பெயர் கேட்காது, உங்கள் மூலக் கோப்பைத் தொடாது.

பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வேறு ஒன்று தெரியவந்தது. அவர் டாக்குமென்ட் பட்டியலில் உள்ள சேவ் பொத்தானை அழுத்தி வந்திருக்கிறார். அது திரையில் தெரியும் படத்தைத்தான் சேமிக்கும், சுற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாண உருவத்தை அல்ல. ஃபைல் பட்டியலின் வழியாகவோ கன்ட்ரோல் எஸ் மூலமாகவோ புராஜெக்டாகச் சேமித்தால்தான் எல்லாம் உள்ளே வரும். நல்ல வேளையாக அவர் அன்றுவரை பயிற்சி உருவங்களை மட்டுமே செய்திருந்தார்.

செட்டிங்கை மாற்றியதும் ஸ்டோர் கான்ஃபிக் அழுத்தி, ஸீபிரஷை மூடித் திறந்து மூன்று எண்களும் நிற்கின்றனவா என்று பார்த்தோம். நின்றன. ஆனால் எண் நிற்பது மட்டும் போதாது, மீட்பும் நடக்க வேண்டும். ஒரு பழைய பதக்கத்தின் நகலைத் திறந்து, டிசைனரை நிற்காமல் செதுக்கச் சொன்னேன். மேக்சிமம் நேரம் தாண்டி ஒரு சேமிப்பு ஓடியது. இன்னும் கொஞ்சம் செதுக்கியதும், டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸீபிரஷை என்ட் டாஸ்க் கொடுத்து வெட்டினோம். மறுபடி திறந்து, கமா விசையை அழுத்தி, கோப்புகளைக் காட்டும் லைட்பாக்ஸைக் கொண்டுவந்து, குவிக்சேவ் தாவலுக்குப் போனார். எந்தக் கோப்பைத் திறப்பது என்று தடுமாறினார். வரிசை சுழல்வதால் பெயரிலுள்ள எண்ணை வைத்து எது புதியது என்று முடிவு செய்யக் கூடாது. விண்டோஸ் ஃபோல்டரில் மாற்றிய நேரப்படி அடுக்கிப் பார்ப்பதே நிச்சயம். சரியான கோப்பைத் திறந்ததும் முதல் வேலை, அதைத் தன் சொந்த ஃபோல்டரில் சொந்தப் பெயரில் சேமிப்பது. இல்லாவிட்டால் குவிக்சேவ் ஃபோல்டருக்குள்ளேயே வேலை தொடர்ந்து, வரிசை சுழன்று வரும்போது அதுவும் அழிந்துபோகலாம். இந்த ஒத்திகையை விபத்து நடப்பதற்கு முன் செய்துவிட வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு ஃபோல்டர் பாதை நினைவுக்கு வராது.

அதே பட்டறையில் மூன்றாவது மேசையில் ஒருவர் பிளென்டர் என்ற வேறு முப்பரிமாண மென்பொருளில் செதுக்குகிறார். இந்த மாற்றங்களைப் பார்த்துவிட்டு, “எனக்கு ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா தானா சேவ் ஆகுது, பிரச்சினை இல்லைங்க” என்றார். அவர் சொன்ன இரண்டு நிமிடம் சரிதான், பிளென்டரில் ஆட்டோ சேவின் இயல்பான இடைவெளி அதுவே. பிரிஃபரன்சஸில் சேவ் அண்ட் லோட் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பிளென்டரின் கையேடே ஒரு வரம்பைச் சொல்கிறது. வேகத்தைக் காப்பதற்காக, எடிட் மோடில் இருக்கும் மெஷ்ஷின், அதாவது பாலிகன் வலையின், நடப்பு நிலையை ஆட்டோ சேவ் எழுதுவதில்லை. ஸ்கல்ப்ட் மோடுக்கும் இதே வரம்பு உண்டு. சிற்பம் செய்பவர் நாள் முழுக்க இருப்பதே ஸ்கல்ப்ட் மோடில். ஆக டைமர் ஓடும், ஆனால் ஆட்டோ சேவ் கோப்பில் அவர் மோடுக்குள் நுழைந்த பிறகு செதுக்கியது இருக்கும் என்று நம்ப முடியாது.

அவருக்கு டைமரைக் குறைத்துப் பயனில்லை. கன்ட்ரோல் எஸ் கொடுத்தால் ஸ்கல்ப்ட் மோடில் இருந்தாலும் நடப்பு நிலை கோப்பில் இறங்கும், ஆகவே கையால் சேமிப்பதுதான் அவருக்கு வழி. அதோடு சேவ் வெர்ஷன்ஸ் எண்ணைக் கூட்டினோம். இயல்பில் அது ஒன்று, அதாவது முந்தைய சேமிப்பு ஒன்றே ஒன்று கோப்பின் பெயருக்குப் பின்னால் 1 என்ற எண்ணோடு நிற்கும். ஐந்தாக்கினால் ஐந்து சேமிப்புகள் பின்னால் போகலாம்.

யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. மூன்று மேசைக்கும் சுமை கொடுத்து, மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்ததில் சேமித்துவிட்டு நிதானமாக மூட நேரம் கிடைக்கிறது. லட்சுமியின் கிரீடத்தை டிசைனர் மறுபடி செதுக்கி முடித்துவிட்டார். அடுத்து வந்திருக்கும் ஆர்டர் ஒரு ஒட்டியாணம். பதக்கத்தை விடப் பல மடங்கு நீளம், முழுக்க யாளியும் மயிலும். அதன் கோப்பு நானூறு எம்பியில் நிற்காது. பாதி வேலை வந்ததும் ஒரு சேமிப்புக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துவிட்டு, அந்த நான்கையும் பன்னிரண்டையும் மறுபடி வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.